நான்காம் அறையின் பழுது

சித்தி கணக்கில் மூன்று முறை தோற்றவள். இதை யார் சொன்னாலும் அவளுக்குக் கோபம் வராது. மூன்று விரல்களை நீட்டிக் காட்டுவாள். பிறகு, நான்காவது விரலை இன்னும் மடக்கித்தான் வைத்திருக்கிறேன் என்று அதைத் தொட்டுக் காட்டுவாள்.

போன வருடம் அந்த நான்காவது விரலுக்கு வேலை வந்தது. அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். கருவிகள் உதவியாளர் வேலை இனிமேல் நிரந்தரம். ஆனால் பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் தேறியவர்களுக்கு மட்டும். சித்தி மற்ற பாடங்களில் தேறியிருந்தாள், கணக்கில் இல்லை. வருகிற தேர்வில் தேறினால் நாற்காலி அவளுடையது, இல்லாவிட்டால் வேறு யாருடையதோ.

அவளுக்கு முப்பத்து மூன்று வயது. என் அம்மாவின் தங்கை, எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். பிறந்ததிலிருந்து காது கேட்காது. ஆறு வயதில் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்களோ அங்கேயேதான் இப்போது வேலை. நடுவில் எட்டு வருடம் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டி மடித்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற யாருக்கும் காது கேட்காது. மணிக்குப் பதில் விளக்கு. பீரியட் முடிந்தால் எல்லா அறைகளிலும் விளக்கு இரண்டு முறை அணைந்து எரியும். ஒன்பது வயதில் சித்தி தாழ்வாரத்து சுவிட்ச் பலகையில் கை வைத்து, பாதிப் பள்ளிக்கூடத்தை அரை மணி முன்னதாகவே மைதானத்துக்கு அனுப்பிவிட்டாள். அன்று விழுந்தது அவளுடைய சைகைப் பெயர்: ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு தட்டு. சுவிட்ச். அவர்களிடையே தனக்குத்தானே பெயர் வைத்துக்கொள்ள முடியாது. மற்றவர்கள் பார்த்து வைப்பார்கள். வைத்தால் வைத்ததுதான். இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கும் அவள் சுவிட்ச் அக்கா.

அங்கே கணக்கு டீச்சருக்கும் ஒரு பெயர் உண்டு. தலைக்குப் பின்னால் கையை உருண்டையாகப் பிடித்தால் அவர். கொண்டை. டீச்சருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இந்த வயதிலும் அவருக்கு முடி அடர்த்தி. ஆனால் அந்தப் பெயர் வேறு காரணத்தால் வந்தது என்று சித்தி எனக்குச் சொல்லியிருக்கிறாள். அந்த வகுப்பில் பிள்ளைகள் அதிக நேரம் பார்த்தது அதைத்தான்.

சித்தி கையால் சொல்வதை இங்கே வாயால் சொன்னதுபோலவே எழுதுகிறேன். வேறு விதமாக எழுதினால் அவளுடைய கிண்டல் தப்பிப் போய்விடும்.

அவளுக்குக் கணக்கே வராது என்று சொல்ல முடியாது. தொழிற்சாலையில் ஓர் அட்டையைப் பார்த்தே எத்தனை பெட்டி தேறும் என்று சொன்னவள். எண்களுக்கு நடுவே எழுத்து வந்து உட்கார்ந்த பிறகுதான் சிக்கல். சமக்குறிக்கு இந்தப் பக்கம் கூட்டலாக இருந்த ஐந்து, அந்தப் பக்கம் போனதும் கழித்தலாக மாறிவிடும். ஏன்?

"தெருவைக் கடந்தா சட்டையை மாத்திக்கணும்னு அஞ்சுக்கு யாரு சொன்னது?" என்று என்னைக் கேட்டாள்.

நான் கணக்கை இரண்டு மொழிகளில் படித்துத் தேறியவள். ஒன்றிலும் புரிந்துகொண்டவள் அல்ல.

பதினைந்து வயதில் இதே கேள்வியைச் சித்தி கணக்கு டீச்சரிடமும் கேட்டிருக்கிறாள். டீச்சர் நல்ல கேள்வி என்று தலையாட்டினார். போர்டுக்குத் திரும்பினார். அதே கணக்கை முதலிலிருந்து நிதானமாக எழுதினார், அடியில் இன்னொன்றையும் எழுதினார். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பி, "புரிஞ்சுதா?" என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். சித்தியும் ஆட்டினாள். அது காரணமில்லாத விதி, மனப்பாடம் செய்ய வேண்டியது என்று முடிவு செய்துகொண்டாள். தேர்வில் கணக்கு கொஞ்சம் வளைந்து வந்தபோதெல்லாம் அந்த மனப்பாடம் கையை விட்டது.

கடிதம் வந்த அதே மாதம் பள்ளிக்கூடத்துக்குத் திரைகளும் வந்தன. ஒவ்வொரு வகுப்பிலும் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரை. டீச்சர் தோளில் குத்திக்கொள்ள ஒரு சின்ன கறுப்பு மைக். டீச்சர் பேசப் பேச, மூன்று விநாடி தள்ளி, பேச்சு எழுத்தாகத் திரையில் ஓடும். வகுப்பின் பின்சுவரில் ஒரு கேமரா, வராத பிள்ளைகளுக்காகப் பாடத்தைப் படம் பிடிக்க. பிள்ளைகள் மைக்குக்கு உடனே பெயர் வைத்துவிட்டார்கள்: வண்டு.

ஒன்பது வண்டுகளும் சித்தியின் பொறுப்பு. காலையில் சார்ஜிலிருந்து எடுத்து வகுப்புக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். மாலையில் திரும்ப வாங்கி வைக்க வேண்டும். அன்றன்றைய எழுத்துகளைக் கணினியில் சேமிக்க வேண்டும். ஏதாவது கெட்டுப்போனால் பழுதுப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

"காது கேட்காதவளைப் பிடிச்சு, காதால கேட்டு எழுதுற மெஷினுக்குக் காவல் போட்டிருக்காங்க. நல்ல மூளை யாருக்கோ," என்றாள் அம்மா.

"காவல்காரன் தான் காக்கிற வீட்டு நகையைப் போட்டுக்கவா செய்றான்?" என்றாள் சித்தி.

நான்காம் அறை பத்தாம் வகுப்பு. பன்னிரண்டு பிள்ளைகள். முதல் கணக்கு பீரியடில் திரை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கச் சித்தி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் வகுப்பைப் பார்த்து, "இன்னைக்கு சமன்பாடு" என்று சொன்னார். கையாலும் காட்டினார். அவருக்குச் சைகை மெதுவாக வரும், எண்களும் முக்கியமான வார்த்தைகளும் மட்டும். திரையில் "இன்னைக்கு சமன்பாடு" என்று வந்து நின்றது. பிள்ளைகள் இரண்டு கைகளையும் உயரே தூக்கி ஆட்டினார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல். டீச்சர் சிரித்துவிட்டுத் திரும்பி, போர்டில் x + 5 = 12 என்று எழுதத் தொடங்கினார்.

திரை நிற்கவில்லை. வரி வரியாக ஓடிக்கொண்டே இருந்தது.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கன்னத்தில் மச்சம் இருப்பதால் புள்ளி என்று பெயர் வாங்கிய பெண் பின்னால் திரும்பி, "அக்கா, இதுக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்றாள்.

சித்திக்கும் அப்படித்தான் தோன்றியது. பக்கத்து வகுப்பு வண்டின் பேச்சு இங்கே கசிகிறதோ என்று எழுந்து ஓடினாள். பக்கத்து அறையில் யாருமே இல்லை, எல்லாரும் ஆய்வகத்துக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது டீச்சர் வகுப்பைப் பார்த்து நின்று, "புரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். திரை நல்ல பிள்ளையாக "புரிஞ்சுதா" என்று எழுதியது.

அன்று மாலை சித்தி பதிவேட்டில் எழுதினாள்: அறை 4. யாரும் பேசாதபோது தானாக எழுதுகிறது. பழுது.

மறுநாள் வேறு வண்டைக் கொடுத்தாள். அதுவும் அதையே செய்தது. மூன்றாம் நாளும் அப்படியே. நான்காம் நாள் திரை மாட்டிக் கொடுத்த இடத்திலிருந்து மெக்கானிக் வந்தான். காதில் பென்சில் செருகிய, சிரித்த முகக்காரன். கடைசி பெஞ்சில் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் வகுப்பைக் கவனித்தான். அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. போனை எடுத்து எழுதிக் காட்டினான்.

"மைக் நல்லாதான் இருக்கு. அவங்கதான் பேசிட்டே இருக்காங்க."

சித்தி அந்தப் போனை வாங்கி அடியில் எழுதினாள். "இல்லையே. முதுகுதானே தெரியுது."

"முதுகைக் காட்டிட்டுப் பேச முடியாதா என்ன?"

அந்த வரியை மூன்று முறை படித்ததாகச் சித்தி சொன்னாள்.

கேட்கிறவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது என்று நானும் முதலில் நினைத்தேன். தெரியும். சமையலறையில் அம்மா பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே என்னோடு பேசுவது தெரியும். அது எனக்கான பேச்சு. தன்னோடு பேச வேண்டுமென்றால் எல்லாரும் தோளைத் தொடுவார்கள், விளக்கைத் தட்டுவார்கள், எதிரே வந்து நிற்பார்கள். காது கேட்காத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர், அவர்களுக்கான பேச்சைப் போய்ச் சுவரிடம் பேசுவார் என்று அவள் ஏன் நினைக்கப் போகிறாள்? எழுதும்போது டீச்சர் எழுதுகிறார். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் முழுவதும் அப்படித்தான் நினைத்திருந்தது.

மெக்கானிக் பதிவேட்டில் "பழுது ஏதும் இல்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினான். சித்தி போடவில்லை.

"பழுது இருக்கு. மைக்ல இல்லை, அவ்வளவுதான்," என்று எழுதிக் காட்டினாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். அந்தப் பதிவு மூடப்படாமலே கிடந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் நான்கு நாள் எழுத்துகளையும் கணினியில் திறந்தாள். முற்றுப்புள்ளி, கமா எதுவும் இல்லாமல் மெஷின் அப்படியே கொட்டி வைத்திருந்தது. அதில் இப்படி ஓரிடம்:

"இந்த அஞ்சு நமக்கு வேண்டாம் எடுத்துடலாம் ஆனா ஒரு பக்கம் மட்டும் எடுத்தா தராசு சாஞ்சிடும் அதனால ரெண்டு பக்கமும் அஞ்சு எடுக்கணும் இந்தப் பக்கம் அஞ்சு போயிடுச்சு அந்தப் பக்கம் பன்னெண்டுல அஞ்சு போயி ஏழு சாக்பீஸ் யாரு வாங்கினா மாவா உதிருது ஆக எக்ஸ் ஏழு."

சித்தி நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். ஐந்து தெருவைக் கடக்கவே இல்லை. சட்டையை மாற்றவும் இல்லை. இரண்டு தட்டிலிருந்தும் ஐந்தை எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எதிர்ச்சாரி பழக்கடையில் தராசு தொங்குகிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் அவள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவின் தோளைத் தட்டினாள்.

"அவங்க பேசிட்டே இருந்திருக்காங்க."

"யாருடி?"

"கணக்கு டீச்சர். போர்டுகிட்ட. நான் படிச்சப்பவும்."

"கேட்கிறவங்க அப்படித்தான். கை வேலை செஞ்சா வாய் சும்மா இருக்காது. என்னையே பாரேன்."

"அப்போ ஏன் நீ எனக்குச் சொல்லலை?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "உனக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள்.

அதிலிருந்து இரண்டு வாரம் சித்தியைப் பார்க்க வேண்டும். தினமும் அன்றைய எழுத்தை அச்செடுத்து வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, நோட்டில் போட்டுப் பார்ப்பாள். பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து வாங்க முடியாததைச் சாக்பீஸ் புலம்பலோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தாள். டீச்சரின் முழங்கால் வலி, மாப்பிள்ளை போன் எடுக்காதது, ஜன்னல் கொக்கி உடைந்தது எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. "பாவம், மாப்பிள்ளை நேத்தும் எடுக்கலை" என்பாள் அம்மாவிடம்.

பிள்ளைகளும் அந்தப் பேய்க்குப் பழகியிருந்தார்கள். டீச்சருக்கு மட்டும்தான் விஷயம் தெரியாது. திரை அவருடைய இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. எழுதும்போது போர்டைப் பார்ப்பார், திரும்பினால் பிள்ளைகளைப் பார்ப்பார். திரையைப் பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

மூன்றாவது வாரம், ஒரு நீளமான கணக்கை எழுதிக்கொண்டே அவர் சொன்னது திரையில் வந்தது: "பெரிய டீச்சருக்கு மீட்டிங் வைக்கிறதுன்னா மட்டும் ஒரு வலியும் தெரியாது நம்ம முழங்காலைக் கேட்க ஆளில்லை ஆகவே மூணு எக்ஸ்."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் சிரிப்பின் சத்தம் தெரியாது, கட்டடத்துக்குத் தெரியும். என்ன கலாட்டா என்று அந்தப் பெரிய டீச்சரே, அதாவது தலைமை ஆசிரியை, வந்துவிட்டார். வாசலில் நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையைக் கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார். டீச்சர் திரும்பினார். முதல்முறையாகத் திரையையும் பார்த்தார்.

"மீட்டிங்கைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல அந்த முழங்காலை டாக்டர்கிட்ட காட்டுங்க," என்று சொல்லிவிட்டுத் தலைமை ஆசிரியை போனார்.

டீச்சர் தோளிலிருந்து வண்டைப் பிடுங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். சித்தியைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக வாயைத் திறந்து சொன்னார்: "இந்தச் சனியன் இனிமே என் வகுப்புல வேண்டாம்."

வேண்டாமென்றால் வேண்டாம்தான். பயன்படுத்துவது அந்தந்த ஆசிரியரின் விருப்பம் என்று விதியிலேயே இருந்தது. திரை அணைந்தது. டீச்சர் பழையபடி எழுதி, திரும்பி, புரிஞ்சுதா என்று கேட்டார். தேர்வுக்குப் பதினோரு வாரம் இருந்தது.

"டீச்சர்கிட்டயே போய்ச் சொல்லிடவா?" என்று சித்தி கேட்டாள்.

"வருஷக் கடைசியில உன்னைப் பத்தி அவங்களும் ரெண்டு வரி எழுதிக் கொடுக்கணும்னு சொன்னியே. தேறினாலும் அது இல்லாம நடக்காது. வாயை மூடிட்டு இருடி," என்றாள் அம்மா.

"என் வாய் எப்பவுமே மூடித்தான் இருக்கு. அதான் பிரச்சினையே."

இரண்டு நாள் கழித்து அவள் ஒரு காரியம் செய்தாள். நான்கு கணக்கு பீரியடுகளின் எழுத்துகளை அச்செடுத்தாள். பதினோரு பக்கம் வந்தது. பின்சுவர்க் கேமரா பிடித்த படத்தைக் கணினியில் ஓடவிட்டு, நேரத்தை வரியோடு பொருத்திப் பார்த்து, டீச்சர் வகுப்பைப் பார்த்துச் சொன்ன வரிகளுக்கு நீலப் பென்சிலால் அடிக்கோடிட்டாள். போர்டைப் பார்த்துச் சொன்னவற்றுக்குச் சிவப்பு. இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போய், டீச்சர் முன்னால் வைத்தாள். இது என்ன, எந்த நிறம் எதற்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேலே குத்தியிருந்தாள்.

டீச்சர் சீட்டைப் படித்ததும் முகம் இறுகியது. "யாருகிட்டக் காட்டப் போற இதை?"

"உங்ககிட்டதான்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். நீலம் அங்கங்கேதான் இருந்தது. இன்னைக்கு சமன்பாடு. நோட்டை எடுங்க. ஜன்னலைச் சாத்து. பேசாதீங்க. புரிஞ்சுதா. மற்றதெல்லாம் சிவப்பு. தராசு, தட்டு, ஏன், அதனால, எதுக்குன்னா. ஒரு 'ஏன்' கூட நீலத்தில் இல்லை.

"இருபத்தாறு வருஷமா இங்க இருக்கேன். ஒருத்தர் கூடச் சொல்லலையே!"

சித்திக்கு இதைக் கையால் சொன்னால் போதாது என்று தோன்றியது. அதே சீட்டின் பின்பக்கம் எழுதினாள். "நீங்க பேசுறீங்கன்னே எங்களுக்குத் தெரியாதே டீச்சர்."

டீச்சர் அதைப் படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு, மறக்காமல் சித்தியின் முகத்துக்கு நேராகத் திரும்பிக்கொண்டு, "நீ ஒரு தடவை கேட்டே. ஏன் மாறுதுன்னு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நல்ல கேள்வின்னு சந்தோஷப்பட்டேன். பத்து நிமிஷம் சொன்னேனேம்மா," என்றார்.

"பத்து நிமிஷம் எழுதினீங்க."

இதைக் கையால்தான் சொன்னாள். டீச்சருக்குப் புரிந்தது.

அதன் பிறகு இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. டீச்சர் சித்தியைப் பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் காலை சார்ஜ் பலகைக்கு எதிரே வந்து நின்று கையை நீட்டினார். சித்தி வண்டைக் கொடுத்தாள்.

ஆனால் பழக்கம் என்பது மைக் மாதிரி கழற்றி வைக்கிற சமாசாரமா? போர்டைப் பார்த்து எழுதும்போது வாயை மூடிப் பார்த்தார். சாக்பீஸ் பாதியில் நின்றது. எழுதியதை அழித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார். "பேசாம எழுதினா எனக்கே கணக்கு வரமாட்டேங்குதும்மா," என்றார் வகுப்பு முடிந்ததும். அவமானமும் சிரிப்புமாக இருந்தது அந்த முகம்.

சித்தி அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தாள். திரைகளோடு வந்த பொருள், யாரும் பிரிக்காததால் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. மேஜை விளக்கு மாதிரி வளைந்த கம்பி, நுனியில் கேமரா. அடியில் காகிதத்தை வைத்து எழுதினால் எழுத்து பெரிதாகத் திரையில் தெரியும், பேச்சு அதன் அடியில் ஓடும். டீச்சர் வகுப்பைப் பார்த்து உட்கார்ந்தே எழுதலாம். முழங்காலுக்கும் நல்லது.

அதிலும் ஒரு தொல்லை இருந்தது. இப்போது முகம் தெரிந்தது, கை தெரிந்தது, எழுத்தும் தெரிந்தது. எல்லாம் ஒரே சமயத்தில். கேட்கிற பிள்ளை நோட்டைப் பார்த்துக்கொண்டே காதால் பாடத்தை வாங்கிக்கொள்ளும். இந்தப் பிள்ளைகளுக்குக் கண் ஒன்றுதான் வழி, அது ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கும். எழுதும்போது எழுத வேண்டும். நிறுத்த வேண்டும். நிமிர்ந்து, பிள்ளைகளின் கண் தன்மேல் வந்துவிட்டதா என்று பார்த்து, அப்புறம் பேச வேண்டும். மெஷின் எதுவும் இதை டீச்சருக்காகச் செய்து தராது.

"நான் எழுதிட்டே பேசினா எனக்கு எப்படித் தெரியும்? வாய் அதும்பாட்டுக்குப் போகுது," என்றார் டீச்சர்.

சித்தி சுவரைக் காட்டினாள். கதவுப் பக்கத்தில் நான்காம் அறையின் விளக்கு சுவிட்ச் இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் கடைசி பெஞ்சை விட்டு, கதவோரம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். டீச்சர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தால் விளக்கை ஒரு தட்டு. டீச்சர் நிமிர்வார். முதல் நாள் முப்பத்தொரு தட்டு.

"கடைத் தெருவுல தொங்கவிடுற சீரியல் லைட் கெட்டுது போ," என்றாள் புள்ளி. "அக்காவுக்கு வைச்ச பேரு இன்னைக்குத்தான் சரியா வேலை செய்யுது."

இரண்டாம் வாரம் பதினாறு. ஒரு மாதம் கழித்து நாளைக்கு ஆறு. விளக்கு அணையும்போது சித்தியை முறைத்த டீச்சர், போகப்போகத் தானாகவே பாதி வாக்கியத்தில் நின்று, சுவிட்சைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். திரை தொடர்ந்து ஓடியது. அதில் பழைய மாதிரி மாப்பிள்ளை வருவதில்லை என்று அம்மாவுக்குத்தான் வருத்தம்.

வகுப்பு மெதுவானது. ஒரு பீரியடில் நான்கு கணக்கு போட்ட இடத்தில் இரண்டுதான் முடிந்தது. கடைசி இரண்டு பாடங்கள் தொடப்படவே இல்லை. தலைமை ஆசிரியை கேட்டதற்கு டீச்சர், "இத்தனை வருஷம் எல்லாப் பாடத்தையும் முடிச்சேன். போர்டு நல்லாப் படிச்சிருக்கும்," என்றாராம். அதைச் சித்தியிடம் அவரே வந்து சொன்னார், நேராக நின்று.

சித்தி தேர்வு எழுதியது வேறொரு பள்ளிக்கூடத்தில், பாதி வயதுக்காரர்களுக்கு நடுவில். திரும்பி வந்தவளிடம் எப்படியென்று அம்மா கேட்டாள். தொடாத இரண்டு பாடத்திலிருந்து வந்த கேள்விகளை அப்படியே விட்டுவிட்டதாகச் சொன்னாள். மற்றதில் எங்கே நின்றாலும் தராசை வரைந்துகொண்டாளாம். விடைத்தாள் ஓரம் முழுக்கத் தராசு.

"திருத்துறவங்க பழக்கடைன்னு நினைச்சுக்கப் போறாங்க," என்றாள் அம்மா.

தேற வேண்டியது முப்பத்தைந்து. வந்தது நாற்பத்தேழு. போனில் எண்ணைப் பார்த்ததும் சித்தி மடக்கி வைத்திருந்த விரலை நீட்டினாள். நான்கு விரல்களையும் கொஞ்ச நேரம் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அழுதாள். சித்தி அழவில்லை. டீச்சருக்குச் செய்தி அனுப்பினாள். பதிலுக்கு ஒரு படம் வந்தது: வெள்ளைக் காகிதத்தில் நிறுத்தி நிறுத்தி எழுதிய 47. அதைச் சுற்றி ஒரு வட்டம்.

பன்னிரண்டு பிள்ளைகளில் எட்டுப் பேர் தேறினார்கள். அதற்கு முந்தைய வருடம் ஐந்து பேர். புள்ளி இரண்டு மதிப்பெண்ணில் தவறினாள். நடத்தாத பாடத்தில் அல்ல, எழுதிய கேள்விகளிலேயே அந்த இரண்டையும் தொலைத்திருந்தாள். சித்தி அவளைக் கூப்பிட்டு, மூன்று விரலை மடக்கி ஒன்றை மட்டும் நீட்டிக் காட்டி, "தோக்கிறதுல நீ என்னை முந்தணும்னா இன்னும் நிறைய தோத்தாகணும்" என்றாளாம். அவள் சிரித்தாள். பிறகு அழுதாள்.

டீச்சர் எழுதிக் கொடுத்த இரண்டு வரியைச் சித்தி எனக்குக் காட்டவில்லை. வேலை நிரந்தரமானது.

நிரந்தரமான முதல் வாரம், பதிவேட்டில் மூடாமல் கிடக்கிற பழுதுகளை முடித்துக் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். ஒரு ப்ளக், ஒரு வயர், பிறகு அந்த நான்காம் அறை. யாரும் பேசாதபோது தானாக எழுதுகிறது. அடியில் மெக்கானிக்கின் "பழுது ஏதும் இல்லை", கையெழுத்தில்லாமல். சித்தி அதை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனாள்.

டீச்சர் படித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வருகிற அளவுக்கு. சிரித்து முடித்த பிறகும் பதிவேட்டைத் திருப்பித் தரவில்லை. அந்த வரியின் மேலேயே விரல் இருந்தது.

"இருபத்தாறு வருஷத்துல எத்தனை பேர் இருப்பாங்க?" என்றார்.

சித்தி 'சரிசெய்யப்பட்டது' என்று எழுத வேண்டிய கட்டத்தைக் காட்டினாள். டீச்சர் பேனாவைத் திறந்தார்.

"நேத்து எத்தனை தட்டு?"

"மூணு."

"அப்புறம் எப்படிச் சரியாயிடுச்சுன்னு எழுதுறது?" பேனாவை மூடிவிட்டார். "இருக்கட்டும். திறந்தே இருக்கட்டும்."

மூடாத பழுதுகளின் பட்டியல் மாதாமாதம் மேலிடத்துக்குப் போகிறது. நான்காம் அறை அதில் இன்னும் இருக்கிறது. ஏனென்று இதுவரை யாரும் கேட்கவில்லை.